லொறிப் பற்றரியில் பாடிய தீவுகள்

சுண்டுவிரல் பருமனில் ஒரு சிவப்பு வயர். ஒரு நுனி பற்றரியின் நேர்முனையில் இறுக்கியிருக்கும். மறு நுனி ஆசனத்துக்குக் கீழே பூட்டியிருக்கும் அம்பிளிபயருக்குப் போகும். யாழ்ப்பாணத்தில் ‘பட்டா’ என்று எல்லோரும் சொல்லும் சின்ன லொறியிலும், முச்சக்கரவண்டியிலும், பண்ணைப் பாலம் தாண்டித் தீவுப் பக்கம் ஓடும் தனியார் பஸ்ஸிலும் இதைப் பார்க்கலாம். பாட்டுச் சத்தம் வந்து வெகுநேரத்துக்குப் பிறகுதான் வாகனம் வரும். பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். இளவட்டங்களின் எடுப்பு என்று சொல்லி முடித்துவிடுவார்கள்.

அப்படிச் சொல்லி முடித்துவிட முடியாத ஒரு வரலாறு அந்த வயருக்கு உண்டு. ஊர்காவற்றுறை, வேலணை, நயினாதீவு, நெடுந்தீவு என்று விரியும் தீவகத்தில் கோயில் மைக்செற்றும் வானொலியும் நாடகமும் நீண்டகாலம் வாகனப் பற்றரியை நம்பித்தான் நடந்தன. மின்சாரம் அங்கே பிந்தி வந்தது. போகும்போது முந்திப் போனது. இடையில் கிடந்த இருட்டுக் காலங்களில் ஒலியை உயிரோடு வைத்திருந்தவர்கள் பற்றரியின் குணம் அறிந்த வேலைக்காரர்கள். பெரும்பாலும் பெயர் பதியப்படாதவர்கள்.

தீவகத்தின் நிலவமைப்பு மின்சாரத்தின் பாதையையும் தீர்மானித்தது. வேலணைத் தீவு பண்ணைத் தாம்போதியால் யாழ்ப்பாணத்தோடு இணைந்திருக்கிறது. வேலணையிலிருந்து இன்னொரு தாம்போதி புங்குடுதீவுக்குப் போகிறது. புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையோடு தெரு முடிந்துவிடும். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் அங்கிருந்து படகுதான். தாம்போதி போன இடம்வரை மின்கம்பமும் போனது, கடல் தொடங்கிய இடத்தில் நின்றது. லக்சபான நீர்மின் நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. இலங்கை மின்சார சபை 1969இல் உருவானது. ஆனால் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகிய நான்கும் தேசிய மின்கட்டமைப்போடு இணையாமல், சபை நடத்தும் டீசல் ஜெனரேற்றர்களின் மின்சாரத்தையே நம்பியிருந்தன.

பற்றரிக்கும் ஒலிக்கும் உள்ள உறவு வானொலியோடு தொடங்குகிறது. கொழும்பில் 1925 டிசம்பர் 16ஆம் திகதி ஒலிபரப்பு ஆரம்பமானபோது, வால்வு வைத்த வானொலிப் பெட்டிக்கு இரண்டு வகை மின் தேவைப்பட்டது. வால்வுகளின் இழையைச் சூடாக்கக் குறைந்த வோல்ற்றும், அவற்றை இயக்கத் தொண்ணூறு வோல்ற் அளவில் உயர்ந்த வோல்ற்றும் வேண்டும். மின்சாரம் இல்லாத நாட்டுப்புறங்களுக்கு இது பெரிய தடை. வட றொடீசியாவில், இன்றைய சாம்பியாவில், 1949இல் ‘சோஸ்பான்’ வானொலி என்று ஒன்று வந்தது. சமையல் சட்டிக்கு வார்த்த அலுமினியக் கூட்டுக்குள் அடைத்த பெட்டி அது. விலை ஐந்து பவுண். அதன் உலர்பற்றரி முந்நூறு மணிநேரம் தாங்கும். மின்கம்பி போகாத கிராமங்களுக்கு ஒலியைக் கொண்டுபோகும் கேள்வி அந்தக் காலத்தில் உலகெங்கும் இருந்தது. அமெரிக்காவில் கல்வின் சகோதரர்கள் 1930இலேயே காருக்குள் வானொலியைப் பூட்டி, ‘மோட்டோரோலா’ என்ற பெயரில் விற்கத் தொடங்கியிருந்தார்கள். கார்ப் பற்றரியின் சொற்ப வோல்ற்றை நூற்றுக்கணக்கான வோல்ற்றாக உயர்த்த அந்நாளில் ‘வைப்ரேற்றர்’ என்ற அதிரும் தகடு ஒன்று தேவைப்பட்டது. 1947இல் கண்டுபிடிக்கப்பட்ட ரான்சிஸ்ரர் இந்தத் தொல்லையை ஒழித்தது. ஆறு வோல்ற், பன்னிரண்டு வோல்ற் பற்றரியே போதும் என்றானது.

தீவகத்துக்கு இது பெருங்கொடை. ரான்சிஸ்ரர் வானொலி தோணியிலும் ஏறியது, பனங்கூடலுக்குள்ளும் போனது. இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவையில் தன் துள்ளும் குரலால் கடலுக்கு இருபுறமும் இரசிகர்களைச் சேர்த்த கே.எஸ். ராஜா காரைநகர்க்காரர் என்பதைத் தீவுப் பகுதியினர் இன்றும் பெருமையோடு சொல்வார்கள். அவர் குரலைக் கேட்டவர்களில் எத்தனையோ பேரின் வீட்டில் மின்விளக்கு இருந்ததில்லை.

வானொலி வீட்டுக்குரியது. ஊருக்குரியது மைக்செற். நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலின் ஆனி மாதத் திருவிழாவுக்குக் குடாநாடெங்கும் இருந்து சனம் படகேறி வரும். வேலணைப் பெருங்குளம் முத்துமாரி அம்மன், புங்குடுதீவுக் கண்ணகை அம்மன் என்று ஒவ்வொரு தீவுக்கும் தன் திருவிழா உண்டு. ஊர்காவற்றுறைக் கத்தோலிக்கத் தேவாலயங்களுக்கும் பெருநாள்கள் உண்டு. கூத்து, மேளச்சமா, சொற்பொழிவு எல்லாம் விடிய விடிய நடக்கும். பனை உச்சியிலும் கமுகங் கம்பத்திலும் கட்டிய கூம்பு ஒலிபெருக்கி இல்லாமல் அவற்றில் எதுவும் ஊர் முழுக்கக் கேட்காது.

மைக்செற்காரருக்குக் கைகொடுத்தது ஒரு சின்ன வசதி. 1940இல் டில்லியில் தொடங்கிய அகுஜா போன்ற நிறுவனங்கள் தயாரித்த அம்பிளிபயர்களின் முதுகில், வீட்டு மின்சாரத்துக்கான வழியோடு பன்னிரண்டு வோல்ற் பற்றரிக்கான இரண்டு முனைகளும் இருந்தன. இந்தியக் கிராமங்களிலும் அன்று மின்சாரம் போதாதிருந்ததால் அப்படிச் செய்தார்கள். அதன் பயன் பாக்கு நீரிணைக்கு இப்பாலும் கிடைத்தது. காரிலோ லொறியிலோ இருந்து பற்றரியைக் கழற்றி மேடைக்குப் பின்னால் வைத்தால் போதும். வாகனம் ஓடிக்கொண்டே பேசவேண்டிய தேர்தல் பிரசாரத்துக்கும் பொது அறிவித்தலுக்கும் கழற்றவே தேவையில்லை. கூரையில் இரண்டு கூம்பு, உள்ளே அம்பிளிபயர், கையில் மைக்.

இங்கேதான் வயரின் பருமன் முக்கியமாகிறது. 230 வோல்ற் வீட்டு மின்சாரத்தில் ஆயிரம் வாற்ஸ் எடுத்தால் நாலரை அம்பியருக்கும் குறைவாகவே ஓடும். அதே ஆயிரம் வாற்ஸைப் பன்னிரண்டு வோல்ற் பற்றரியிலிருந்து எடுக்க எண்பத்து மூன்று அம்பியர் வேண்டும். அம்பிளிபயர் உள்வாங்கும் மின்சாரத்தில் ஒரு பங்கு சூடாகப் போய்விடுவதால், உண்மையில் அது நூறைத் தாண்டும். வீட்டுப் பிளக்குக்கு இழுக்கும் 7/0.67 வயரை, அதாவது 0.67 மில்லிமீற்றர் தடிப்பில் ஏழு செப்பு இழைகள் சேர்ந்த இரண்டரைச் சதுர மில்லிமீற்றர் வயரை, இந்த வேலைக்கு ஐந்து மீற்றர் நீளத்தில் பாவித்தால் என்ன ஆகும்? நூறு அம்பியர் ஓடும்போது மூன்றரை வோல்ற் அளவு வயரிலேயே தொலையும். முந்நூறு வாற்ஸுக்கு மேல் வயருக்குள்ளேயே வெப்பமாகும். பிளாஸ்ரிக் உறை உருகும். இருபத்தைந்து சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால் அந்த இழப்பு பத்திலொரு பங்காகக் குறையும். சுண்டுவிரல் பருமனுக்குக் காரணம் இந்தக் கணக்குத்தான்.

பழைய மைக்செற்காரர்களின் அம்பிளிபயர் ஐம்பது, நூறு வாற்ஸைத் தாண்டவில்லை. ஆகவே இவ்வளவு தடித்த வயர் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. ஆனால் கணக்கு ஒன்றுதான். பற்றரியை அம்பிளிபயருக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். அதிலிருந்து போகும் வயரைக் கட்டையாகவும் தடிப்பாகவும் வைத்தார்கள். ஒலிபெருக்கிக்குப் போகும் வயர் மட்டும் தெருத் தெருவாக, மெல்லிய வயராகவே நீண்டது. அம்பிளிபயருக்குள் இருக்கும் மின்மாற்றி ஒலியை நூறு வோல்ற் அளவுக்கு உயர்த்தி அனுப்பும். ஒவ்வொரு கூம்பிலும் இருக்கும் சின்ன மின்மாற்றி அதைத் திரும்ப இறக்கும். நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தாண்டி மின்சாரத்தை அனுப்பப் பெரிய மின்நிலையங்கள் கையாளும் உத்தியும் இதுவே. எத்தனையோ மைக்செற்காரர் இதை எந்தக் கல்லூரியிலும் படிக்காமல், சுட்டுக்கொண்ட விரலாலும் கருகிய வயராலும் கற்றார்கள்.

தீவுகளில் இன்னொரு கஷ்டமும் சேர்ந்தது. நூறு அம்பியர்-மணி லொறிப் பற்றரி இருபத்தைந்து கிலோவுக்குக் குறையாது. உள்ளே இருப்பது கந்தக அமிலம். அலையில் ஆடும் படகில் அதைச் சரியாமல் கொண்டுபோக வேண்டும். உப்புக் காற்று ஈய முனைகளையும் செப்பு நுனிகளையும் அரிக்கும். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துப்போன முனை இறுக்கமாகத் தெரிந்தாலும் மின்சாரத்தைத் தடுக்கும். சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, அரத்தாளால் தேய்த்து, கிறீஸ் பூசி மூடுவது தீவு வேலைக்காரரின் அன்றாடக் கடமை. படகில் சுமப்பது என்றால் கச்சதீவையும் சொல்லவேண்டும். அது நெடுந்தீவுப் பிரதேச செயலகப் பிரிவுக்குள் அடங்கும் தீவு. அங்கே குடியிருப்பும் இல்லை, குடிதண்ணீரும் இல்லை. அங்குள்ள அந்தோனியார் தேவாலயத் திருவிழாவுக்குக் குடிதண்ணீர் முதல் மின்சாரம் வரை எல்லாமே கடல்வழியாகத்தான் போய்ச் சேரவேண்டும்.

1990 யூனில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியது. குடாநாடு தேசிய மின்சாரத்தை இழந்தது. அதே ஆண்டு ஓகஸ்ற்றில் இராணுவம் தீவகத்தில் இறங்கியது. 1991 முடிவதற்குள் தீவுகள் படையினர் வசமாயின. தீவகத்தாரில் பெரும்பகுதியினர் பாய், பெட்டி, பிள்ளைகளோடு வலிகாமத்துக்கு ஓடிவந்து, உறவினர் வீடுகளிலும் பாடசாலைகளிலும் ஒதுங்கினார்கள். ஆகவே அரசு குடாநாட்டுக்கு விதித்த பொருளாதாரத் தடைக் காலத்தை அவர்களில் பலர் அனுபவித்தது தங்கள் தீவில் அல்ல, யாழ்ப்பாண மண்ணில்.

தடைசெய்யப்பட்ட பொருட்களில் பற்றரியும் ஒன்று. கண்ணிவெடிக்குப் பயன்படும் என்பது அரசு தரப்பின் காரணம். பெற்றோல், டீசல், சீமெந்து, உரம் என்று பட்டியல் நீண்டது. ஒரு சோடி டோர்ச் பற்றரி பொன்போல ஆனது. செத்த பற்றரியை வெயிலில் காயவைத்தார்கள். துளைபோட்டு உப்புத்தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள். அரை உயிருள்ள பத்துப் பற்றரிகளை வரிசையாக அடுக்கி ஒரு செய்தியறிக்கை கேட்கும் அளவு மின் எடுத்தார்கள்.

பிறகு சைக்கிள் டைனமோ வந்து கைகொடுத்தது. அக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த எவரிடம் கேட்டாலும் இதைச் சொல்வார். சைக்கிளைக் கவிழ்த்து வைத்தோ ஸ்ராண்டில் நிறுத்தியோ ஒருவர் மிதிப்பார். பக்கத்தில் வானொலி பேசும். சைக்கிள் டைனமோவின் அளவு ஆறு வோல்ற், மூன்று வாற்ஸ். நாலு பெரிய பற்றரி போடும் வானொலிக்கும் ஆறு வோல்ற்தான். பொருத்தம் அப்படி அமைந்திருந்தது. டைனமோ தருவது ஆடலோட்ட மின்சாரம் என்பதால் டயோட்டுகளால் அதை நேராக்கி, ஒரு கொள்ளளவி வைத்து இரைச்சலைக் குறைத்தார்கள். மிதிக்கிறவர் களைத்தால் கசற் பாட்டும் இழுபடும். பிபிசி தமிழோசைக்கும் மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் வானொலிக்கும் நேரம் வந்ததும் முற்றங்களில் சக்கரம் சுழலத் தொடங்கும். போரைப் பற்றி உலகம் என்ன சொல்கிறது என்று அறிய, போருக்குள் இருந்தவர்கள் தங்கள் கால்களால் மின்சாரம் செய்தார்கள். நம் காலத்துத் தமிழர் செய்த கண்டுபிடிப்புகளில் இதற்கு ஓர் இடம் கொடுக்கவேண்டும்.

வாகனப் பற்றரி வைத்திருந்தவர் அந்நாளில் வசதியானவர். கலியாண வீட்டில் பாட்டுப் போடவும் ஒரு குழல்விளக்கு எரிக்கவும் அதுவே உதவியது. மண்ணெண்ணெயில் ஓட்டப் பழக்கிய எஞ்சின் மூலம் அதை மீண்டும் சார்ஜ் பண்ணினார்கள். தொடக்கத்துக்கு ஒரு துளி பெற்றோல், ஓட்டத்துக்கு மண்ணெண்ணெய். வாகனப் பற்றரிகளின் இயல்பை அந்த நெருக்கடி கொடுமையாகக் கற்பித்தது. எஞ்சினை ஸ்ராற் பண்ணுவதற்கென்று செய்த பற்றரியின் தகடுகள் மெல்லியவை. சில வினாடிகளுக்கு நூற்றுக்கணக்கான அம்பியரை அள்ளிக் கொடுக்கும், ஆனால் இரவிரவாக வற்றவைத்தால் சீக்கிரம் செத்துப்போகும். ஈயத் தகட்டில் கந்தகப் படிவு இறுகிவிட்டால் பிறகு சார்ஜ் ஏறாது. 1859இல் பிரான்சின் காஸ்டன் பிளாந்தே ஈய அமிலப் பற்றரியை உருவாக்கிய நாள் முதல் இந்தப் பலவீனம் அதோடு ஒட்டியே வருகிறது. புதுப் பற்றரி வாங்க வழியில்லாத ஊரில் ஒவ்வொரு பற்றரியும் நோயாளியைப் போலப் பராமரிக்கப்பட்டது.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி மாலை வலிகாமத்துத் தெருக்களில் ஒலிபெருக்கி பூட்டிய வாகனங்கள் வந்தன. இராணுவம் நெருங்குகிறது, எல்லோரும் தென்மராட்சிக்கு வெளியேறுங்கள் என்று விடுதலைப் புலிகள் அறிவித்தார்கள். மின்சாரம் இல்லாத நகரத்தில் வாகனப் பற்றரியில் இயங்கிய அந்தக் குரல் ஓர் இரவுக்குள் இலட்சக்கணக்கானவர்களைத் தெருவில் இறக்கியது. மழையில், செம்மணி வழியாக, நாவற்குழிப் பாலத்தில் சனம் நெரிந்து நகர்ந்தது. தீவுகளிலிருந்து வந்து வலிகாமத்தில் ஒதுங்கியிருந்த குடும்பங்களுக்கு அது இரண்டாவது இடப்பெயர்வு. கோயில் திருவிழாவை அறிவித்த அதே கூம்புகளிலிருந்து ஓர் ஊரைக் காலிசெய்யச் சொல்லும் கட்டளை வந்ததை அன்று கேட்டவர்கள் மறக்கவில்லை.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்பாடு கையெழுத்தானது. ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்தது. கொழும்பிலிருந்து லொறி லொறியாகச் சாமான் வந்தது. யப்பான் வாகனங்களும் அவற்றோடு வந்த கார் ஒலித்தொகுதிகளும் யாழ்ப்பாணக் கடைகளில் தோன்றின. 2006 ஓகஸ்ற்றில் வீதி மீண்டும் மூடப்பட்டது, தட்டுப்பாடு திரும்பியது. 2009 மே மாதம் போர் முடிந்தபின் தீவகத்துத் தெருக்களுக்கு வாகனமும், 2010களின் முன்பாதியில் குடாநாட்டுக்குத் தேசிய மின்சாரமும் திரும்பின. கனடாவிலும் பிரான்சிலும் சுவிஸிலும் குடியேறிய தீவுக் குடும்பங்கள் திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் வந்துபோயின. ஒலியும் பெரிதாகிக்கொண்டே போனது. ஐம்பது வாற்ஸ் மைக்செற் இருந்த இடத்தில் ஆயிரக்கணக்கான வாற்ஸ் சப்வூபர்கள் வந்தன.

பழைய வேலையறிவு இங்கே மீண்டும் தேவைப்பட்டது. ஒரு காரியத்தை மட்டும் சொன்னால் போதும். பெடியன்கள் பட்டா லொறியின் பன்னிரண்டு வோல்ற்றில் பழகியவர்கள். கன்ரர், எல்ப் போன்ற யப்பான் லொறிகளிலும் பெரிய ராட்டா, லேலண்ட் லொறிகளிலும் இரண்டு பன்னிரண்டு வோல்ற் பற்றரிகளைத் தொடராக இணைத்து இருபத்து நாலு வோல்ற்றாக வைத்திருப்பார்கள். கார் அம்பிளிபயருக்கோ பன்னிரண்டுதான் வேண்டும். பலர் செய்யும் தவறு, இரண்டில் ஒரு பற்றரியின் முனையில் மட்டும் வயரைக் கொழுவி எடுப்பது. பாட்டு நன்றாகத்தான் போகும். ஆனால் அந்த ஒரு பற்றரி வற்றிக்கொண்டே போகும். லொறியின் சார்ஜரோ இரண்டையும் ஒன்றாகவே பார்க்கிறது. வற்றாத மற்றப் பற்றரி அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறிக் கொதிக்கும், தண்ணீர் வற்றும், ஹைட்ரஜன் வாயு கக்கும். பொறி பட்டால் வெடிக்கும். சில மாதங்களில் இரண்டு பற்றரியும் போய்விடும். இருபத்து நாலைப் பன்னிரண்டாக இறக்கும் கருவி போடுவதும், பாட்டுக்கென்று தனிப் பற்றரி வைப்பதும்தான் சரியான வழிகள்.

பியூஸ் இன்னும் முக்கியம். லொறிப் பற்றரி வயரை நெருப்பாக்கும் வல்லமை உள்ளது. தடித்த வயர் என்றால் நெருப்பும் பெரிது, ஏனென்றால் அது உருகி அறுந்துபோகாமல் நூற்றுக்கணக்கான அம்பியரைத் தொடர்ந்து கொண்டுபோகும். வண்டியின் இரும்புச் சட்டம் பற்றரியின் எதிர்முனையோடு இணைந்திருப்பதால், சிவப்பு வயரின் உறை எங்கேயாவது தகட்டில் உரசிக் கிழிந்தால் போதும். ஆகவே பியூஸ் அம்பிளிபயர்ப் பக்கத்தில் இருந்து பயனில்லை, பற்றரி முனையிலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்கவேண்டும். தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் இறப்பர் வளையம் வேண்டும். எதிர்முனை வயரும் சிவப்பு வயரளவு தடிப்பாக, பெயின்ற் சுரண்டிய வெறும் இரும்பில் இறுக்கப்படவேண்டும். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்கிற பெடியன் கடைக்காரனைவிட, ஏன், சில எஞ்சினியர்களைவிடவும் நல்ல வேலைக்காரன்.

சத்தம் என்ற முறைப்பாடு நியாயமானது, அதை மறைக்கத் தேவையில்லை. வெலிகம பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கி தொடர்பான வழக்கில் 2007 நவம்பரில் இலங்கை உயர் நீதிமன்றம், இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக்கூடாது என்று பொதுவாக விதித்தது, விசேட நாள்களுக்கு விலக்கும் விட்டது. நோயாளியும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும் உள்ள ஊரில் அது வேண்டிய விதி. அதற்காக அந்த வேலையின் அறிவையும் சேர்த்துப் பழிக்கக்கூடாது.

அந்த அறிவு தீவுகளுக்கு இப்போது வேறு வடிவில் தேவைப்படப் போகிறது. எழுவைதீவில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு காற்று, சூரிய ஒளி, பற்றரி, டீசல் நான்கையும் சேர்த்த ஒரு கலப்பு மின்நிலையம் ஏற்கெனவே அமைக்கப்பட்டது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் அதேபோன்ற திட்டம் முதலில் 2021 சனவரியில் ஒரு சீன நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. இந்தியா ஆட்சேபித்தது. 2022 மார்ச்சில் இந்திய நன்கொடையில் அதைச் செய்ய உடன்பாடு ஏற்பட்டு, 2024 மார்ச் முதலாம் திகதி கொழும்பில் ஒப்பந்தம் கையெழுத்தானது. 530 கிலோவாற் காற்று, 1,700 கிலோவாற் சூரிய ஒளி, 2,500 கிலோவாற் உதவி டீசல், அவற்றோடு 2,400 கிலோவாற்-மணி பற்றரி. நூறு அம்பியர்-மணி லொறிப் பற்றரி ஒன்றின் கொள்ளளவு 1.2 கிலோவாற்-மணி. அந்தக் கணக்கில் அது இரண்டாயிரம் லொறிப் பற்றரிகளுக்குச் சமம்.

அந்தப் பற்றரி அறைகளிலும் தடித்த வயர், பியூஸ், உப்பு அரிக்காத முனை, நேரோட்ட மின்சாரத்தின் ஆபத்து ஆகியவைதான் அன்றாட வேலையாக இருக்கப்போகின்றன. கடல் கொந்தளித்துப் படகு ஓடாத நாளில் பழுது வந்தால் கொழும்பிலிருந்து ஆள் வரமுடியாது. வேலணையிலும் புங்குடுதீவிலும் பட்டாவுக்கு வயர் இழுக்கிற பெடியன்கள் இந்த வேலையின் பாதியை ஏற்கெனவே அறிந்தவர்கள். மின்சார சபை தீவுகளுக்குப் பராமரிப்பு ஆள் எடுக்கும்போது அவர்களைத் தேடிப்பிடித்து, மிச்சப் பாதியையும் கற்பித்து, சான்றிதழும் சம்பளமும் கொடுத்து வைத்துக்கொள்ளவேண்டும்.